நின்று பிடிக்கிற தடி

நம் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. அந்தக் காலத்துச் சைக்கிள், அந்தக் காலத்துக் குடை, அந்தக் காலத்துத் தையல் மெசின், எல்லாம் எப்படி நின்று பிடித்தன, இப்போது வருகிற சாமான்கள் ஆறு மாதத்துக்குக் காணுமா என்று ஆளுக்கொரு பட்டியல் வாசிப்பீர்கள். நான் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணீர் போட எழுந்துவிடுவேன். எனக்கு மட்டும் ஒன்றும் ஞாபகம் வரவில்லையா என்று போன மாதம் உங்களில் ஒருத்தி கேட்டாள். வருகிறது, அதனால்தான் எழுந்து போகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு பொருள் நின்று பிடித்தது. நாற்பது வருடமாக நின்று பிடித்துக்கொண்டே இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அது ஒரு தூண்டில் தடி. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும், இழுத்தால் நீளும், தள்ளினால் முழங்கை அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒடுங்கிவிடும். எங்கள் தெருவில் அப்படியொரு தடியை அதற்கு முன் ஒருவரும் கண்டதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு குருநகரில் கடலிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருந்தது. அண்ணை அதற்கு முந்தின வருடம்தான் ஜெர்மனிக்குப் போயிருந்தார். அவர் போய் ஆறு மாதத்தில் அப்பாவுக்குக் கை போனது. குண்டு, ஷெல் ஒன்றுமில்லை. வலையிலிருந்து ஒரு திருக்கையைக் கழற்றும்போது அதன் வால்முள் வலது மணிக்கட்டில் ஏறிவிட்டது. முழங்கை வரைக்கும் வீங்கி, பழுத்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். உயிர் தப்பியது பெரிய காரியம் என்றார்கள். ஆனால் விரல்கள் ஐந்தும் கோழிக்கால் மாதிரி உள்ளே மடங்கினவை, பிறகு திறக்கவே இல்லை. காலையும் மாலையும் அம்மா எண்ணெய் பூசி உருவிவிடுவா. அந்த எண்ணெய் மணம் எங்கள் வீட்டுத் தலையணைகளில்கூட இருந்தது.

இந்தக் கை விஷயத்தை அண்ணைக்கு எழுதக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. காரணம் இல்லாமலில்லை. அண்ணை ஓர் அகதி முகாமில் இருந்தார், விசா வழக்கு முடியவில்லை, அங்கே துணையில்லாமல் தனியாக நிற்கிற பிள்ளை. அப்பாவின் கை போனது தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அடுத்த பிளேனில் வந்து இறங்குவார். இளந்தாரியைக் கண்டாலே ஆமி பிடித்துப் போகிற அந்த நாளில் இருபது வயதுப் பிள்ளை ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்மில் எத்தனை வீட்டில் இதே கட்டளை இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். செத்த வீட்டைக்கூட மூன்று மாதம் கழித்து எழுதிய சனங்கள் நாங்கள்.

எங்கள் வீட்டுக் கடிதம் எழுதுகிற வேலை என்னுடையது, என் கையெழுத்துத்தான் திறம் என்று. நீல விமானக் கடிதத்தின் உச்சியில் சிலுவை போட்டு, 'இயேசு மரி சூசை' என்று எழுதி, 'நாங்கள் எல்லோரும் நலம்' என்று தொடங்குவேன். அம்மா அடுப்படியில் இருந்தபடி சொல்லச் சொல்ல எழுதுவேன். ஒட்டுவதற்கு முன் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒட்டலாம்.

அப்பா ஏன் வீட்டில் நிற்கிறார் என்று ஒரு காரணம் எழுத வேண்டுமே. கடலுக்குப் போகத் தடை, அதனால் சும்மா நிற்கிறார் என்று அம்மா எழுதுவித்தா. பாதி உண்மைதான், தடை விட்டுவிட்டு வந்துகொண்டுதான் இருந்தது. அதை வாசித்த அண்ணைக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அங்கே ஆற்றங்கரையில் கிழவர்கள் மடிக்கிற தூண்டிலோடு குந்தியிருக்கிறார்களாம், அப்பாவுக்கும் ஒன்று அனுப்பினால் இறங்குதுறை ஜெட்டியில் நின்றே பிடிக்கலாம், கடலுக்குப் போகத் தேவையில்லை என்று எழுதினார். கூடவே ஒரு கடைப் புத்தகத்திலிருந்து நாலு பக்கத்தைக் கிழித்து மடித்து வைத்திருந்தார். எது நின்று பிடிக்கும் என்று அப்பா பார்த்து இலக்கத்தைச் சொன்னால் காணும், அதுவே போதும், காசைப் பற்றி யோசிக்க வேண்டாமாம்.

அந்த நாலு பக்கமும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் கிடந்தது. வழுவழுத்த தாள், புதுச் சப்பாத்து மாதிரி மணக்கும். முப்பதுக்கு மேற்பட்ட தடிகள், ஒவ்வொன்றின் கீழும் ஜெர்மன் மொழியில் நாலு வரி. வாசிக்க ஆள் வேண்டுமென்று மாமா ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரைக் கூட்டிவந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும், ஜெர்மன் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாலு பக்கத்தையும் பார்த்தார். ஒவ்வொரு தடிக்கும் கீழே ஓர் எண்ணும் கிராமைக் குறிக்கிற எழுத்தும் இருந்தன. இந்தத் தடி இத்தனை கிராம் வரைக்கும் தாங்கும் என்று அர்த்தம் சொன்னார்.

மாமா சிரிக்கத் தொடங்கினார். இருபது கிராம், நாற்பது கிராம், அறுபது கிராம். எங்கள் அப்பா ஒரு காலத்தில் தனியாளாக வள்ளத்துக்குள் இழுத்துப் போட்ட மீன்களின் நிறை என்ன, இவர்கள் சொல்கிற நிறை என்ன. ஒரு நெத்தலிக்கு மேல் பட்டால் முறிந்துவிடுமாம். ஆகவே எந்தத் தடிக்கு எண் பெரிதோ அதுதான் நின்று பிடிக்கும் என்று மாமா தீர்மானித்தார். அது எறிகிற ஈயக்கட்டியின் நிறை, மீனின் நிறை இல்லை என்பது எனக்கே பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்தான் தெரியவந்தது. பெரிய எண் உள்ள தடி என்றால் தடித்த தடி, பாரமான தடி, இரண்டு கையாலும் ஓங்கி எறிகிற தடி.

மாமாவின் வலது சுண்டுவிரலில் நீள நகம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஆண்கள் பலர் வைத்திருந்தார்கள், ஏனென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எங்களுக்குச் சின்ன வயதில் கிள்ளு விழுவது அந்த நகத்தால்தான். அந்த நகத்தால் முப்பத்தோராம் இலக்கத் தடியின் கீழே தாள் பள்ளம் விழ ஒரு கோடு இழுத்தார். நாலரை மீற்றர், நூற்றெண்பது கிராம். அதோடு கூட்டம் கலைந்தது.

அப்பாவைக் கேட்டார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டார்கள், கேட்கிற மாதிரிக் கேட்டார்கள். "முப்பத்தொண்டுதானே அத்தான்?" என்றார் மாமா. ஒற்றைக் கையால் இதைப் பிடிக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கையைப் பற்றி அவர் முன்னால் கதைப்பது மரியாதையில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படியொரு கை இல்லாதது போலவே நடந்தார்கள். அடுப்படியில் எண்ணெய் பூசுவார்களாம், முன்விறாந்தையில் கை இருக்காதாம். என்ன மரியாதையோ.

ஆனால் நான் ஒன்று கண்டிருந்தேன். அதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் முன்பக்கம் நிற்க, அப்பா கிணற்றடிக்குப் பின்னால் நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார். அம்மாவின் ஒட்டறைத் தடியை முறித்து, நுனியில் இரண்டு பாக நீளத்துக்குத் தங்கூசி நரம்பைக் கட்டி, ஒரு சிப்பியைத் தொங்கவிட்டு, இடது கையால் வீசிப் பழகினார். நல்ல நைலோன் தங்கூசி, வெயிலில் மின்னியது. முதலில் எல்லாம் வேலியில் மாட்டியது. பிறகு ஒரு தடவை சிப்பி நேரே போய் வாழைக்குக் கீழே விழுந்தது. என்னைக் கண்டதும் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. பிறகு கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்த நாலு பக்கத்தில் ஒன்றை எடுத்து விரித்தார். அடி மூலையில் ஒரு சின்னத் தடி. பச்சைக் கைப்பிடி, ஒன்றரை மீற்றர், பதினைந்து கிராம். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அதை ஒற்றைக் கையால் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

அந்தப் படத்தின் மேல் இடது பெருவிரலை வைத்து, "எனக்கு உது காணும், பிள்ளை," என்றார். "சின்னன். மெல்லிசு. ஒற்றைக் கைக்குக் காணும்."

கூட்டத்தில் ஏன் அதைச் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரம். சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தை மாமா பக்கம் தள்ளி, அந்த மூலையில் விரலை வைத்தார். அது சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் அத்தான் என்று மாமா பக்கத்தைத் திருப்பிவிட்டார். அப்பா விரலை எடுத்துக்கொண்டார்.

கடிதம் எழுதும்போது நான் ஒரு வேலை பார்த்தேன். அம்மா முப்பத்தொன்று என்று சொல்ல, முப்பத்தொன்று என்றே எழுதினேன். கடைசி மடிப்பில், அம்மா கறிக்குப் புளி கரைக்கிற நேரம் பார்த்து, 'அப்பாவின் வலது கை' வரைக்கும் எழுதிவிட்டேன். மாமா வாசிக்கையில் அந்த இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னை அடித்தது அந்த வருடத்தில் அது ஒரு தரம்தான். அடித்துவிட்டு அவவே அழுதா. "அவனை இஞ்சை கூப்பிட்டுச் சாக்காட்டப் போறியோடி?" என்று கேட்டா. புதுக் கடிதத் தாள் வாங்கி, சிலுவை போட்டு, எல்லோரும் நலம் என்று எழுதினேன்.

தடி வந்து சேர ஏழு மாதம் எடுத்தது. கொழும்பில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் லீவில் வரும்போது கொண்டுவந்தார். கொடுக்கும்போதே அவருக்கு முகம் சரியில்லை. வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இது ரேடியோ ஏரியலா என்று கேட்டு, நாலரை மீற்றரையும் இழுத்துக் காட்டச் சொல்லி, திரும்ப ஒடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் உங்கள் மகன் மருந்து அனுப்பினாலும் தான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா தடியை வாங்கித் தரையில் தட்டிப் பார்த்தார், முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார், நாலு செங்கல்லைக் கட்டித் தூக்கிப் பார்த்தார். முறியவில்லை. பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிண்டு பிடிக்கும் என்று சர்டிபிக்கட் கொடுத்தார்.

அடுத்த நாள் பின்னேரம் அப்பா அதை ஜெட்டிக்குக் கொண்டுபோனார். நான் இரைக்கு இறால் போட்ட தகர ரின்னைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். வாடைக்காற்று அடங்கியிருந்த நேரம்தான், இருந்தும் முழுவதும் இழுத்த தடியை அவரால் நிமிர்த்தி வைக்க முடியவில்லை. அடியை இடது கமக்கட்டுக்குள் இடுக்கினார், நுனி தண்ணீரில் போய் விழுந்தது. மடங்கின கையை மேலே வைத்து அமத்தினார், நழுவியது. மூன்றாந்தரம் எறியும்போது தடியே கையை விட்டுப் போய் ஜெட்டி விளிம்பில் தொங்கியது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அன்றைக்கு மிகவும் கோபத்தைத் தந்தது. ஓர் ஆள் வந்து, "அண்ணை, கொஞ்சம் பிடிக்கட்டோ?" என்று கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்.

ஒடுக்குவதற்கும் இரண்டு கை வேண்டும், ஒவ்வொரு கணுவாகத் திருகித் தள்ள வேண்டும். நான்தான் ஒடுக்கினேன். மணல் புகுந்து ஒரு கணு இறுகிப்போனதில் என் உள்ளங்கை உரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா தடியைக் கூரை வளையில் செருகிவைத்தார். பிறகு அவர் அதைத் தொடவில்லை.

அந்தக் கிழமைக் கடிதத்தில் அப்பா தினமும் உன் தூண்டிலோடுதான் நிற்கிறார் என்று நான் எழுதினேன். நேற்று இரண்டு கலவாய் மீன் பட்டது என்றும் எழுதினேன். அம்மா ஒரு கலவாய்தான் சொன்னா, மற்றது எரிச்சலில் நானாகச் சேர்த்தது.

அண்ணை மகிழ்ந்துபோய்ப் பதில் போட்டார். தடியோடு அப்பா நிற்கிற படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள், முகாமில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதம் வந்த மூன்றாம் நாள் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். மாமா கூத்து ஆடுகிறவர். கூத்தில் ராசாவின் கை வெட்டுப்படுகிற இடத்தில் என்ன செய்வார்களோ, அதையே தலைகீழாகச் செய்தால் சரி என்றார். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பெரிய உடம்புக்காரர், அவருடைய நீளக்கைச் சட்டை ஒன்றை இரவல் வாங்கினார்கள்.

டவுனில் இருந்த படக்கடைக்குப் போனோம். உள்ளே இழுத்தால் தடி கூரையில் முட்டியது. ஆகவே கடையின் பின்வளவில், மதிலோரம் நிற்கவைத்தார்கள். அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு சேர்த்துக் கட்டினா அம்மா. மாமா அப்பாவுக்குப் பின்னால் முழங்காலில் நின்று, தன் வலது கையை அந்தச் சட்டைக் கைக்குள் விட்டு, முன்னால் தடியைப் பிடித்தார். அப்பாவின் இடது கை மேலே, மாமாவின் வலது கை கீழே. படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடவில்லை, சின்னக் கமராதான். அதனால் சிரிப்பை மறைக்கவும் அவருக்கு முடியவில்லை. கொஞ்சம் இடப்பக்கம், பின்னால் நிற்கிறவரின் தலைமயிர் தெரிகிறது, குனியுங்கோ, இன்னும் குனியுங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா செபமாலை உருட்டினா.

அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். "எனக்குப் போனது ஒரு கை," என்றார். "உங்களுக்கெல்லாம் என்ன போச்சுது?"

படக்காரர் படத்தை எடுத்துவிட்டார்.

படம் நன்றாக வந்திருந்தது. யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று அம்மா நூறு தரம் பார்த்துவிட்டு அனுப்பினா. அண்ணையின் பதில் வர வழக்கத்தைவிட நாள் எடுத்தது. அதில் படத்தைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. 'படம் கிடைத்தது, அப்பா தூண்டிலோடு நிற்பது வடிவாக இருக்கிறது.' பார்த்தாயா, பிள்ளை நிம்மதியாக இருக்கிறான் என்று அம்மா என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தா.

அப்பா தொண்ணூற்று மூன்றில் காய்ச்சலில் போனார். அண்ணையால் வர முடியவில்லை. அதற்குப் பிறகும் கை விஷயத்தை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, செத்தவரின் கையைப் பற்றி இனி எதற்கு என்று. தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க, ஊரோடு நாங்களும் எழும்பித் தென்மராட்சிக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, தையல் மெசின் இல்லை. வளையில் தடி அப்படியே இருந்தது. அம்மா அதன் நுனியில் ஒரு கொக்கியைக் கட்டி முருங்கைக்காய் பறித்தா. இப்போது நான் பறிக்கிறேன். மாமா கொடுத்த சர்டிபிக்கட் பொய்யில்லை.

அம்மாவும் மாமாவும் போன பிறகு, ஏழு வருடத்துக்கு முன் அண்ணையின் மகளின் கலியாணத்துக்கு ஜெர்மனி போனேன். கலியாணம் முடிந்த மறுநாள் அண்ணை பழைய படங்களை மேசையில் பரப்பினார். அந்தப் படமும் இருந்தது. இனியாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அண்ணை படத்தின் மேல் விரலை வைத்து, "உது மாமாவின்ரை கை," என்றார்.

சட்டைக் கைக்கு வெளியே, தடியைச் சுற்றின விரல்களில் கடைசியில், நீள நகம். நாங்கள் அத்தனை பேரும் தலைமயிரைப் பார்த்தோம், சட்டை மடிப்பைப் பார்த்தோம், நகத்தைப் பார்க்கவில்லை. கண்ட உடனே தெரிந்துவிட்டது என்றார் அண்ணை. அப்பாவின் கைக்கு ஏதோ நடந்துவிட்டது, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கு இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். வந்துவிடலாமா என்றும் யோசித்தாராம். தான் வந்துவிடக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நின்றுவிட்டாராம்.

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கேட்டு எழுதியிருக்கலாமே, ஒரு வரி கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போமே என்று கத்தினேன். அண்ணை எழுந்துபோய் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். உள்ளே பொலித்தீன் உறை பிரிக்காத ஒரு தூண்டில் தடி.

"படம் வந்த கிழமை வாங்கினது," என்றார். "ஒற்றைக் கையாலை பிடிக்கலாம். அனுப்பினால் நான் கண்டுபிடிச்சது அம்மாவுக்குத் தெரிஞ்சுபோமே. அதுதான் விட்டிட்டன்."

உறையைப் பிரித்தேன். பச்சைக் கைப்பிடி. ஒன்றரை மீற்றர். இடது கையால் பிடித்துப் பார்த்தேன், ஓர் அகப்பையின் பாரம்கூட இல்லை. கிணற்றடியில் அப்பா பெருவிரல் வைத்த அதே தடி.

அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சரியானதைத்தானே வாங்கினேன் என்று கேட்கிற மாதிரிப் பார்வை. அப்பா இதைத்தான் கேட்டார், இந்தப் படத்தில்தான் விரல் வைத்தார் என்று சொல்ல நா நுனி வரைக்கும் வந்தது. அவருக்கும் ஐம்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது, நெஞ்சுக்கு மாத்திரை எடுக்கிறவர்.

"நல்ல தடி, அண்ணை," என்று மட்டும் சொன்னேன்.